விமானி உரிமம் உள்ளவர்கள் கிளைடர் தகுதி பெறும் வழிகள்

கிளைடர் என்பது எஞ்சின் இன்றிப் பறக்கும் வானூர்தி ஆகும். தமிழில் இது சறுக்கு வானூர்தி எனவும் அழைக்கப்படுகிறது. எஞ்சின் உள்ள விமானத்தை ஓட்டுவதற்கான உரிமம் பெற்ற ஒருவர், அந்த உரிமத்தைக் கொண்டு கிளைடரைத் தனியாக ஓட்ட முடியாது. அதற்குத் தனியாகப் பயிற்சியும் தேர்வும் உண்டு. ஆனால் அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் தொடங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே பறந்த நேரத்தில் ஒரு பகுதியைப் பல நாடுகள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. எந்த நாடு எவ்வளவு எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுக்கொடுக்காமல் கேட்கிறது, ஏன் அப்படிக் கேட்கிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

உரிமமும் தகுதியும்

விமானத் துறையில் உரிமம் என்பதும் தகுதி என்பதும் வெவ்வேறானவை. உரிமம் என்பது ஒருவர் விமானியாகச் செயல்படலாம் என்று அரசு தரும் அனுமதி. தகுதி என்பது அந்த உரிமத்தின் மேல் பதிவு செய்யப்படும் கூடுதல் அனுமதி. எந்த வகை வானூர்தி, ஒற்றை எஞ்சினா பல எஞ்சினா, இரவில் பறக்கலாமா, கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கலாமா என்பன போன்றவை தகுதிகளாகக் குறிக்கப்படும்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் ஓட்டுநர் உரிமத்தோடு இதை ஒப்பிடலாம். இருசக்கர வாகன உரிமம் வைத்திருப்பவர் கார் ஓட்டக் கற்றபின், அதே உரிமத்தில் இலகுரக வாகனம் என்ற பிரிவைச் சேர்த்துக்கொள்கிறார். அமெரிக்காவில் கிளைடர் தகுதி இப்படித்தான் சேர்க்கப்படுகிறது. இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் கிளைடருக்குத் தனி உரிமமே உள்ளது. எனவே 'கிளைடர் தகுதியைச் சேர்த்தல்' என்ற சொல் எல்லா நாடுகளுக்கும் ஒரே பொருளில் பொருந்தாது. வெளிநாட்டில் பயிற்சி பெற நினைக்கும் இந்திய விமானிகள் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு இதுவே.

எஞ்சின் இல்லாமல் பறப்பது எப்படி

கிளைடர் எப்போதும் கீழ்நோக்கிச் சறுக்கிக்கொண்டே இருக்கிறது. உயரத்தை இழந்து அதற்கு ஈடாக வேகத்தையும் தூரத்தையும் பெறுகிறது. ஒரு மீட்டர் உயரத்தை இழக்கும்போது எத்தனை மீட்டர் முன்னே செல்கிறது என்பது சறுக்கு விகிதம் எனப்படும். உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் ஏஎஸ்கே 21 என்ற ஜெர்மானியக் கிளைடரின் சறுக்கு விகிதம் ஏறத்தாழ 34. பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக உள்ள செஸ்னா 172 விமானம் எஞ்சின் நின்றால் ஏறத்தாழ 9 என்ற விகிதத்தில் சறுக்கும்.

இதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். சென்னையின் மேற்குப் புறநகரான மண்ணூர்பேட்டைக்கு மேலே 300 மீட்டர் உயரத்தில் இவ்விரண்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காற்று அசையாமல் இருந்தால் கிளைடர் 300 × 34 = 10,200 மீட்டர், அதாவது 10 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகச் செல்லும். அது ஆவடி வரை போதுமான தூரம். எஞ்சின் நின்ற செஸ்னா 300 × 9 = 2,700 மீட்டர் மட்டுமே செல்லும். அம்பத்தூர் வட்டாரத்துக்குள்ளேயே அது இறங்கியாக வேண்டும்.

கிளைடர் மணிக்கணக்கில் பறப்பதற்குக் காரணம் மேலெழும் காற்று. வெயிலில் சூடான நிலத்திலிருந்து வெப்பக் காற்று தூண் போல எழுகிறது. கிளைடர் கீழே இறங்கும் வேகத்தைவிடக் காற்று மேலெழும் வேகம் கூடுதலாக இருந்தால், அக்காற்றுக்குள் வட்டமிடும் கிளைடர் உயரத்தைப் பெறுகிறது. அம்பத்தூர், கொரட்டூர் ஏரிப்பகுதிகளின் மேல் நண்பகலில் பருந்துகள் சிறகை அசைக்காமல் வட்டமிட்டு உயர்வதும் இதே முறையில்தான்.

மலைச்சரிவில் மோதி எழும் காற்று, மலையைத் தாண்டியபின் உண்டாகும் காற்றலை, கடற்காற்று முகப்பு ஆகியவையும் கிளைடரை உயர்த்தக்கூடியவை. கோடைக்காலப் பிற்பகலில் வங்கக்கடலிலிருந்து நுழையும் குளிர்ந்த காற்று, நிலத்தின் மேலுள்ள வெப்பக் காற்றின் அடியில் புகுந்து அதை மேலே தள்ளுகிறது. இவை இரண்டும் சந்திக்கும் எல்லையே கடற்காற்று முகப்பு. ஆனால் சென்னையின் மேற்குப் புறநகரில் அத்தகைய காற்று இருப்பதால் மட்டும் அங்கே கிளைடர் பறக்க முடியாது. மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் அருகில் உள்ளதால் இவ்வான்பரப்பு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது.

விமானி புதிதாகக் கற்க வேண்டியவை

விமானம் ஓட்டத் தெரிந்தவருக்கு வானிலை, வான்வழி விதிகள், திசைகாணல், வானொலித் தொடர்பு ஆகியவை ஏற்கெனவே தெரியும். புதிதாகக் கற்க வேண்டியவை பின்வருமாறு.

1. புறப்பாடு. கிளைடரை வானில் ஏற்ற மூன்று முறைகள் பரவலாக உள்ளன. முதலாவது விஞ்ச் முறை. ஓடுதளத்தின் மறுமுனையில் தரையில் நிற்கும் வலிமையான எஞ்சின், நீண்ட வடத்தை உருளையில் வேகமாகச் சுற்றும். வடத்தின் இன்னொரு முனையில் இணைக்கப்பட்ட கிளைடர் பட்டம் போலச் செங்குத்தாக ஏறி, ஒரு நிமிடத்துக்குள் சில நூறு மீட்டர் உயரத்தை எட்டும். இரண்டாவது, எஞ்சின் உள்ள விமானம் கயிற்றால் இழுத்துச் செல்லும் வான்இழுவை முறை. மூன்றாவது, கிளைடரிலேயே உள்ள சிறிய எஞ்சினால் எழும்பி, பின்னர் அதை நிறுத்திவிடும் முறை. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கற்க வேண்டிய திறமை.

2. வடம் அறுதல். புறப்படும்போது வடமோ கயிறோ அறுந்தால் நேராக முன்னே இறங்குவதா, சிறு சுற்றுச் சுற்றி ஓடுதளத்துக்குத் திரும்புவதா என்று சில விநாடிகளில் முடிவெடுக்க வேண்டும். முதலில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காக்க வேண்டும். பயிற்றுநர் முன்னறிவிப்பின்றி வடத்தை விடுவித்து இதைப் பழக்குவார்.

3. கால்களின் வேலை. கிளைடரின் இறக்கைகள் நீளமானவை. ஒரு பக்கம் சாய்க்கும்போது மூக்கு எதிர்ப்பக்கம் இழுபடும். அதைச் சரிசெய்யக் கால்மிதியால் சுக்கானை இயக்க வேண்டும். நவீன விமானங்களில் இந்தத் தேவை குறைவு என்பதால், எஞ்சின் விமானிகள் பலரின் கால்கள் ஓய்விலேயே இருக்கும். கிளைடரின் கண்ணாடி மூடியின் வெளிப்புறத்தில் ஒரு சிறு கம்பளி நூல் ஒட்டப்பட்டிருக்கும். அது நேராக இருந்தால் பறப்பு சீராக இருக்கிறது. பக்கவாட்டில் சாய்ந்தால் கால்மிதியில் பிழை உள்ளது. விலையில்லாத இந்த நூலே கிளைடரின் முதன்மைக் கருவிகளுள் ஒன்று.

4. காற்றுத்தடுப்பான். விமானத்தில் விமானியின் ஒரு கை எஞ்சின் விசையைக் கூட்டவும் குறைக்கவும் பழகியது. கிளைடரில் ஒரு கை இறக்கை மேலுள்ள காற்றுத்தடுப்பானைத் திறந்து மூடும். திறந்தால் கிளைடர் வேகமாக உயரத்தை இழக்கும். மூடினால் தொலைவு கூடும். மூடினால் கிடைப்பது ஏற்கெனவே உள்ள உயரத்தின் முழுப் பயன் மட்டுமே; புதிய ஆற்றல் எதுவும் கிடைக்காது.

5. ஒரே இறக்கம். எஞ்சின் விமானத்தில் இறக்கம் சரியில்லை என்றால் விசையைக் கூட்டி மறுபடி எழும்பிச் சுற்றி வரலாம். கிளைடரில் அந்த வாய்ப்பு இல்லை. எனவே ஓடுதளத்தை நெருங்கும் பாதையைப் பல நிமிடங்களுக்கு முன்பே கணக்கிட வேண்டும். உயரம் சற்றுக் கூடுதலாக இருந்தால் தடுப்பானால் குறைக்கலாம். குறைந்துவிட்டால் கூட்ட வழியில்லை. வணிக விமானிகள் மூன்று பாகைச் சரிவில் நீண்ட தொலைவிலிருந்து தாழ்வாக வந்து பழகியவர்கள். அதே பழக்கத்தைக் கிளைடருக்குக் கொண்டுவந்தால் ஓடுதளத்துக்கு முன்பே இறங்க நேரிடும்.

6. வெளியே பார்த்தல். வெப்பக் காற்றுத் தூணில் பல கிளைடர்கள் ஒன்றாக வட்டமிடுவதுண்டு. முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ அந்தப் பக்கமே பின்னால் வருபவரும் சுற்ற வேண்டும். கருவிப் பலகையையே பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் இங்கே ஆபத்தானது.

7. வயலில் இறங்குதல். மேலெழும் காற்று கிடைக்காமல் போனால் ஓடுதளத்துக்கு வெளியே, ஏற்ற வயலில் இறங்க நேரிடும். மின்கம்பி, வேலி, பயிரின் உயரம், நிலச்சரிவு, காற்றின் திசை ஆகியவற்றை மேலிருந்தே கண்டறியக் கற்க வேண்டும்.

இந்த ஏழில் பெரும்பாலானவை புத்தகத்தால் வருவதில்லை. அதனால்தான் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த விமானியிடமும் எல்லா நாடுகளும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கிளைடர்ப் பறப்புகளைக் கேட்கின்றன.

உலகப் பொது விதி

1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் கீழ் உருவானது சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. சுருக்கமாக இது ஐசிஏஓ எனப்படுகிறது. இந்தியா இதன் உறுப்பு நாடு. விமானப் பணியாளர் உரிமங்களுக்கான குறைந்தபட்ச அளவுகளை இதன் முதலாம் பின்னிணைப்பு வகுக்கிறது. கிளைடர் விமானிக்கு அது கேட்பவை:

- குறைந்தது 16 வயது.
- கிளைடரில் குறைந்தது 6 மணி நேரப் பறப்பு. அதில் 2 மணி நேரம் தனியாகப் பறந்திருக்க வேண்டும். அந்தத் தனிப்பறப்பில் குறைந்தது 20 புறப்பாடும் இறக்கமும் இருக்க வேண்டும்.
- பயணிகளை ஏற்றிச் செல்வதற்குக் கிளைடரில் குறைந்தது 10 மணி நேரப் பறப்பு அனுபவம்.

விமானம் ஓட்டிய அனுபவம் உள்ளவருக்கு இந்த 6 மணி நேரத்தைக் குறைக்கலாமா, எவ்வளவு குறைக்கலாம் என்பதை அந்தந்த நாட்டின் உரிம அமைப்பே முடிவு செய்யும் என்றும் அப்பின்னிணைப்பு கூறுகிறது. நாடுகளுக்கிடையே விதிகள் வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

இந்தியாவில்

இந்தியாவில் விமானி உரிமங்களை வழங்குவது டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். 1937ஆம் ஆண்டின் வானூர்தி விதிகள், மாணவ விமானி, தனியார் விமானி, வணிக விமானி உரிமங்களோடு கிளைடர் விமானி உரிமத்தையும் தனியொரு உரிமமாகக் குறிப்பிடுகின்றன. 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய வாயுயான் அதிநியம் 2024 என்ற சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டமும் அதைச் சார்ந்த விதிகளும் மாறிவரும் காலம் என்பதால், விண்ணப்பிப்பவர் அன்றைய நிலையில் உள்ள விதியை இயக்குநரகத்தின் இணையதளத்தில் நேரடியாகப் படிப்பது நல்லது.

கிளைடர் வடிவமைப்பில் இந்தியாவுக்கு ஒரு வரலாறு உண்டு. டெல்லி சப்தர்ஜங் விமான நிலையத்தில் இயங்கிய சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம், தான் உருவாக்கிய கிளைடர்களுக்கு நட்சத்திரப் பெயர்களைச் சூட்டியது. அஸ்வினி 1958இலும், ரோகிணி 1961இலும், கார்த்திக் 1963இலும், மிருகசீர் 1970இலும், ஆர்த்ரா 1979இலும் முதன்முதலாகப் பறந்தன. பரணி என்ற பெயரிலும் ஒரு கிளைடர் உருவானது. அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை எனத் தமிழ்ப் பஞ்சாங்கத்தில் வரும் முதல் ஆறு நட்சத்திரங்களே இவை. ஆர்த்ரா என்பது திருவாதிரையின் வடமொழிப் பெயர். இரு இருக்கை கொண்ட ஆர்த்ரா பயிற்சிக் கிளைடரை ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் கான்பூரில் தயாரித்தது. தேசிய மாணவர் படையான என்சிசியின் வான் பிரிவு மாணவர்கள் அதில் பயிற்சி பெற்றனர். பின்னர் என்சிசி பயிற்சி மைக்ரோலைட் என்னும் சிறு எஞ்சின் வானூர்திகளுக்கு மாறியது.

பொதுமக்களுக்கான கிளைடர்ப் பயிற்சியில் நெடுங்காலமாக அறியப்பட்டது புனே நகரின் ஹடப்சர் பகுதியில் உள்ள அரசுக் கிளைடர் மையம். இது டிஜிசிஏவின் கீழ் வருவது. கான்பூர் ஐஐடியும் தனக்கென ஓடுதளம் கொண்டது. அங்கும் கிளைடர் பறப்பு நடந்துள்ளது. இத்தகைய இடங்கள் மிகக் குறைவு. எனவே இந்தியாவில் விமானி உரிமம் உள்ளவர் கிளைடர் கற்க விரும்பினால், விதியைவிட இடமும் பயிற்றுநரும் கிடைப்பதே பெரிய கேள்வி. மையம் எப்போது இயங்குகிறது, எத்தனை கிளைடர்கள் பறக்கும் நிலையில் உள்ளன என்பதை விசாரித்த பிறகே பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

அமெரிக்காவில்

அமெரிக்காவில் இது எஃப்ஏஏ எனப்படும் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பொறுப்பு. அங்கே கிளைடர் என்பது, ஏற்கெனவே உள்ள விமானிச் சான்றிதழில் சேர்க்கப்படும் ஒரு வகை.

தனியார் விமானி நிலையில், எந்த முன் அனுபவமும் இல்லாதவர் கிளைடரில் 10 மணி நேரமும் 20 பறப்புகளும் முடித்திருக்க வேண்டும். காற்றைவிடக் கனமான வானூர்திகளில் விமானியாக 40 மணி நேரம் பறந்தவருக்கு இது பெரிதும் குறைகிறது. அவர் கிளைடரில் 3 மணி நேரம் பறந்தால் போதும். அதில் 10 தனிப்பறப்புகள் இருக்க வேண்டும். தேர்வுக்கு ஆயத்தமாக, கடைசி இரண்டு நாட்காட்டி மாதங்களுக்குள் பயிற்றுநருடன் 3 பறப்புகள் முடித்திருக்க வேண்டும்.

வணிக விமானி நிலையில், கிளைடரிலேயே வளர்ந்தவருக்கு 25 மணி நேரமும் 100 பறப்புகளும் தேவை. காற்றைவிடக் கனமான வானூர்திகளில் 200 மணி நேரம் பறந்தவர், கிளைடரில் பொறுப்பு விமானியாக 20 பறப்புகளையும், அவற்றோடு வகுக்கப்பட்ட பயிற்றுநர்ப் பறப்புகளையும் 5 தனிப்பறப்புகளையும் முடித்தால் போதும்.

வேறு சில சலுகைகளும் உண்டு. அதே நிலையில் எஞ்சின் விமானத்துக்கான சான்றிதழ் உள்ளவர் மீண்டும் எழுத்துத் தேர்வு எழுத வேண்டியதில்லை. ஆனால் தேர்வாளர் முன்னிலையில் வாய்மொழித் தேர்வும் பறப்புத் தேர்வும் கட்டாயம். விஞ்ச், வான்இழுவை, சுயபுறப்பாடு என ஒவ்வொரு புறப்பாட்டு முறைக்கும் பயிற்றுநரின் தனி ஒப்புதல் பதிவேட்டில் இருக்க வேண்டும். வான்இழுவையில் மட்டும் பயின்றவர் விஞ்ச் உள்ள இடத்துக்குச் சென்றால் அங்கே மீண்டும் பயிற்சி பெற்றாக வேண்டும்.

கிளைடருக்கு அங்கே மருத்துவச் சான்றிதழ் கேட்கப்படுவதில்லை. பறப்பதற்குத் தடையான உடற்குறை தமக்கு இல்லை என்பதற்கு விமானியே பொறுப்பு. வயதாலோ உடல்நிலையாலோ எஞ்சின் விமானத்துக்கான மருத்துவச் சான்றைப் புதுப்பிக்க முடியாத மூத்த விமானிகள் சிலர் கிளைடருக்கு வருவதற்கு இது ஒரு காரணம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில்

ஐரோப்பிய ஒன்றிய விமானப் பாதுகாப்பு முகமையின் விதிகளின்படி கிளைடருக்குத் தனி உரிமம் உள்ளது. அதற்குக் குறைந்தது 15 மணி நேரப் பயிற்சி தேவை. அதில் 10 மணி நேரம் பயிற்றுநருடனும் 2 மணி நேரம் மேற்பார்வையில் தனியாகவும் பறக்க வேண்டும். மேலும் 45 புறப்பாடும் இறக்கமும், தனியாக 50 கிலோமீட்டர் அல்லது பயிற்றுநருடன் 100 கிலோமீட்டர் தொலைதூரப் பறப்பும் வேண்டும்.

பலூன் தவிர்த்த வேறு வானூர்தி உரிமம் உள்ளவருக்கு, அவர் பொறுப்பு விமானியாகப் பறந்த நேரத்தில் 10 விழுக்காடு கழிக்கப்படும். ஆனால் கழிவு 7 மணி நேரத்தைத் தாண்டாது.

எடுத்துக்காட்டாக, 40 மணி நேரம் பொறுப்பு விமானியாகப் பறந்தவருக்கு 4 மணி நேரம் கழியும். அவர் மேலும் 11 மணி நேரம் பயில வேண்டும். 70 மணி நேரம் பறந்தவருக்கு 7 மணி நேரம் கழியும். மீதி 8 மணி நேரம். 10,000 மணி நேரம் பறந்த மூத்த கேப்டனுக்கும் கழிவு அதே 7 மணி நேரம்தான். இந்த உச்சவரம்பு அனுபவத்தைக் குறைத்து மதிப்பதற்காக வைக்கப்பட்டதன்று. எஞ்சினோடு பறந்த நேரம் எவ்வளவு கூடினாலும், எஞ்சின் இல்லாமல் இறங்கும் பழக்கத்துக்கு அது ஈடாகாது என்பதே இவ்விதியின் அடிப்படை.

கிளைடர் அறிவு உதவிய நிகழ்வுகள்

1983 ஜூலை 23 அன்று ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் பறந்தது. அதற்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் தேவை. அக்காலத்தில் கனடா பவுண்டு அளவிலிருந்து மெட்ரிக் அளவுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஒரு லிட்டர் எரிபொருளின் எடை ஏறத்தாழ 0.8 கிலோகிராம், அதாவது 1.77 பவுண்டு. கணக்கிட்டவர்கள் 1.77 என்ற எண்ணைக் கிலோகிராம் எனக் கொண்டதால், தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளே விமானத்தில் இருந்தது. 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, இரு எஞ்சின்களும் நின்றன.

கேப்டன் ராபர்ட் பியர்சன் அனுபவமுள்ள கிளைடர் விமானி. கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படை ஓடுதளத்தை நெருங்கியபோது விமானம் மிக உயரமாக இருந்தது. மறுபடி சுற்றி வர வழியில்லை. அவர் சுக்கானையும் சாய்வையும் எதிரெதிராக இயக்கி, விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்க வைத்து உயரத்தைக் குறைத்தார். கிளைடரிலும் சிறு விமானங்களிலும் கையாளப்படும் இந்த உத்தி பெரிய பயணிகள் விமானத்தில் வழக்கமில்லாதது. விமானத்தில் இருந்த 69 பேரும் உயிர் தப்பினர். அந்த விமானம் 'கிம்லி கிளைடர்' என்ற பெயரைப் பெற்றது. பழுது நீக்கப்பட்டு 2008 வரை பறந்தது.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரு எஞ்சின்களும் விசையிழந்த ஏர்பஸ் விமானத்தை, கேப்டன் செஸ்லி சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தனர். அவரும் கிளைடர் தகுதி உள்ளவர். ஆனால் கிளைடர் அனுபவம் அன்று பெரிதாக உதவவில்லை என்றே அவர் பின்னர் கருத்துத் தெரிவித்தார். ஜெட் விமானம் ஓட்டிய நெடிய அனுபவத்தையே அவர் முதன்மையாகக் கருதினார். எனவே கிளைடர் கற்றவர் எந்த விபத்தையும் தவிர்த்துவிடுவார் என்று முடிவு கட்டுவது சரியாகாது. உயரத்தை அளந்து செலவிடும் பழக்கம் கூடுதலான ஒரு திறமை என்ற அளவில் கொள்வதே பொருத்தம்.

இந்தியாவில் பிறந்து இவ்வழியில் சென்றவர்களுள் நன்கறியப்பட்டவர் கல்பனா சாவ்லா. அரியானா மாநிலம் கர்னாலில் பிறந்து, பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் 1982இல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றார். அங்கே ஒற்றை எஞ்சின், பல எஞ்சின் விமானங்களுக்கும் கடல் விமானங்களுக்கும் வணிக விமானி உரிமம் பெற்றதோடு கிளைடருக்கும் பெற்றார். விமானம், கிளைடர் இரண்டையும் கற்பிக்கும் பயிற்றுநர் தகுதியும் அவருக்கு இருந்தது. 1997இல் அவர் விண்வெளிக்குச் சென்று திரும்பிய கொலம்பியா விண்ணோடம், பூமிக்குத் திரும்பும்போது எஞ்சின் விசை இன்றியே சறுக்கி வந்து ஓடுதளத்தில் இறங்கும் அமைப்புடையது. 2003 பிப்ரவரி 1 அன்று அதே விண்ணோடம் திரும்பும் வழியில் சிதைந்தபோது உடனிருந்த ஆறு பேருடன் அவர் உயிரிழந்தார். அந்த விபத்துக்குக் காரணம் புறப்பாட்டின்போது இறக்கையின் வெப்பக் காப்பில் ஏற்பட்ட சேதமே.

பயிற்சியில் சேருமுன் கேட்க வேண்டியவை

விமானி உரிமம் உள்ள ஒருவர், உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ கிளைடர்ப் பயிற்சியில் சேருமுன் பின்வருவனவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது பணத்தையும் விடுமுறை நாட்களையும் காக்கும்.

- பயிற்சி முடிவில் கிடைப்பது தனி உரிமமா, உள்ள உரிமத்தில் சேரும் தகுதியா?
- இதுவரை பறந்த நேரத்தில் எவ்வளவு ஏற்கப்படும்? மொத்த நேரமா, பொறுப்பு விமானியாகப் பறந்த நேரம் மட்டுமா?
- அங்கே எந்தப் புறப்பாட்டு முறை பயன்படுகிறது? திரும்பிய பின் பறக்கப்போகும் இடத்தில் அதே முறை உள்ளதா?
- மருத்துவச் சான்று தேவையா? தேவையெனில் எந்த வகுப்பு?
- வெளிநாட்டில் பெறும் தகுதியை இந்தியாவில் பயன்படுத்த டிஜிசிஏ என்னென்ன ஆவணங்களைக் கேட்கும்? இதற்கான விடையை எழுத்தில் பெறுவது நல்லது.
- பறப்புப் பதிவேட்டில் நேரத்தோடு புறப்பாடு, இறக்கம், தனிப்பறப்பு ஆகியவற்றின் எண்ணிக்கையும் தனித்தனியாகப் பதிவாகிறதா? கிளைடர் விதிகள் பலவும் மணியைவிட எண்ணிக்கையையே கேட்கின்றன.

இன்னும் உரிமம் பெறாத பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வரிசை வேறாக இருக்கலாம். ஐசிஏஓ அளவின்படி கிளைடர் உரிமத்துக்கு 16 வயது போதும். முதல் உலகப்போருக்குப் பின் 1919இல் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியின் எஞ்சின் விமானங்களைக் கட்டுப்படுத்தியபோது, அந்நாட்டு இளைஞர்கள் 1920 முதல் வாசர்குப்பே மலையில் கிளைடரிலேயே பறக்கக் கற்றனர். ரைட் சகோதரர்களும் 1903இல் எஞ்சினைப் பொருத்துவதற்கு முன், 1902இல் கிளைடரில் நூற்றுக்கணக்கான முறை பறந்து கட்டுப்பாட்டைக் கற்றவர்களே. கிளைடரில் தொடங்கி எஞ்சினுக்குச் செல்லும் அந்த வரிசை இன்றும் பல நாடுகளில் தொடர்கிறது. அவ்வாறு வருபவருக்கு, இக்கட்டுரையில் பட்டியலிட்ட ஏழு பாடங்களும் விமானத்தின் இருக்கையில் அமருமுன்பே கைவந்திருக்கும்.